ஓங்கில் புதைத்த வருஷம்

மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிறப்புகள் வேண்டும் என்றார் தாளாளர். கல்லூரி ஆண்டு மலரில் எங்கள் அருங்காட்சியகத்துக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம், படத்தோடு போடுவார்களாம். இருபத்து மூன்று வருஷமாக அந்த ஹாலில் வேலை பார்க்கிறேன். ஒரு வருஷமாவது கால் பக்கம் கொடுத்ததில்லை. இந்த வருஷம் பார்த்துத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது அவருக்கு.

என் பெயர் மேகலா. தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரி, அதன் விலங்கியல் துறையோடு ஒட்டிக்கொண்டு ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அதற்கு நான் காப்பாளர். காப்பாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நீளமாக ஒரு ஹால், நாற்பத்தாறு கண்ணாடி அலமாரி, கொள்ளிடத்து முதலை ஒன்று, வயிற்றில் பஞ்சு வெளியே தெரியும் பூநாரை ஒன்று, பார்மலினில் மிதக்கும் பாம்புகள், நெற்பயிரைத் தின்னும் பூச்சிகளை ஊசியில் குத்திவைத்த நாலு பெட்டி. இத்தனைக்கும் ஆள் என்று பார்த்தால் நானும் உதவியாளர் ஜாஃபர் சாதிக்கும்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கல்லூரியில் பேச்சு உண்டு. அலமாரிக் கண்ணாடியில் எச்சில் கையோடு தடவுகிறவர்களிடம் வேறு எப்படிப் பேசுவதாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் தாளாளர் குணசேகரன் என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பன்னெண்டாவதா அந்த எலும்புக்கூட்டைப் போட்டுடுங்க மேடம். அதுதான் ஹைலைட்டே. ஆனா இந்த மாசம் முடியறதுக்குள்ள அது ஹால்ல வந்து நிக்கணும். எம்.பி.ஏ. காரங்க ஆறு மாசமா அந்த ஹாலைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. காட்டறதுக்குன்னு பெருசா ஒண்ணு இருந்தாத்தான் நான் அவங்களுக்குப் பதில் சொல்ல முடியும். இல்லைன்னா ஜனவரில ஹாலைக் குடுத்துட வேண்டியதுதான்."

"வந்துடும் சார்" என்றேன்.

வர வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு என்னால் உட்கார முடிகிற இடம் என்று உலகத்தில் அந்த ஹால் ஒன்றுதான் இருந்தது. வீட்டில் முடியவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டில் சுத்தமாக முடியவில்லை. ஹாலில் எல்லாம் செத்தவை. ஒன்றும் என்னிடம் எதுவும் கேட்காது. காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போனால் சாயங்காலம் வரை நான் பாட்டுக்கு இருக்கலாம். அதையும் பிடுங்கிக்கொண்டால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்த எலும்புக்கூடு எனக்கு வேண்டியிருந்தது.

காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினேன். "ஜனவரி: கோடியக்கரை அருகே இறந்து கரை ஒதுங்கிய ஓங்கில் ஒன்று வனத்துறை அனுமதியுடன் பெறப்பட்டு, எலும்புக்கூடு தயாரிப்பதற்காக மணலில் புதைக்கப்பட்டது."

எழுதுவதற்கு ஒரு வரிதான். நடந்தது ஒரு வரியில் அடங்காது.

ஓங்கில் என்றால் டால்பின். ஒன்பதடி நீளம். பொங்கல் கழிந்த நாலாம் நாள் கரையில் கிடப்பதாகத் தகவல் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பை வேகவைத்தோ அறுத்தோ எலும்பெடுக்க எங்களிடம் வசதி கிடையாது. மீன் வலையில் நன்றாகச் சுற்றி, அலை ஏறாத மேட்டு மணலில் ஐந்தடி ஆழத்தில் புதைத்துவிட்டால் சதையை மண் தின்றுவிடும். ஒரு வருஷம் பொறுத்துத் தோண்டினால் சுத்தமான எலும்பு கிடைக்கும். வலை எதற்கென்றால், துடுப்பில் இருக்கிற சின்னச் சின்ன எலும்புகள் மணலோடு போய்விடக் கூடாது என்பதற்காக.

அன்றைக்கு ஜாஃபருக்கு வீட்டில் விசேஷம். நான் தனியாகக் கிளம்புவதைப் பார்த்து என் மகன் செழியன் சிநேகிதனுடைய மினி வேனை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். இருபத்தொரு வயசு. ஒரத்தநாட்டில் டிராக்டர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை.

"நீ தனியா போனா மீன் புடிக்கிறவங்ககிட்ட சண்டை போட்டுட்டு வெறுங்கையோட வருவ. நடுவுல ஒரு மனுஷன் வேணும்ல" என்றான்.

நாலு மீனவர்கள் தூக்கிக் கொடுத்தார்கள். செழியன் மண்வெட்டி பிடித்தான். நாற்றம் தாங்காமல் இரண்டு முறை ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மூன்றாம் முறை என்னைப் பார்த்துச் சிரித்தான். மூடி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு நரி ஞாபகம் வந்தது. கோடியக்கரைப் பக்கம் நரி அதிகம். மனுஷனும் சும்மா இருக்க மாட்டான், என்னவோ புதைத்திருக்கிறார்கள் என்று கிளறிப் பார்ப்பான்.

"முள்ளுவேலி போடலாமா?"

"வேலிய புடுங்கி அடுப்பெரிச்சிடுவாங்க. போர்டு வெச்சா மறுநாள் போர்டு இருக்காது. இதுக்கு ஒரே வழிதான்மா" என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக் கடைக்கு நடந்தான்.

மஞ்சள்தூள் பொட்டலமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் கிடந்த வெள்ளைத் துண்டை ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து முக்கினான். ஒரு சவுக்குக் கம்பை மேட்டின் தலைமாட்டில் நட்டு அதில் துண்டைக் கட்டினான். எங்கிருந்தோ மூன்று செங்கல் பொறுக்கி வந்து வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தான். கடைசியில் ஒரு வேப்பங்கொத்து.

"செவுத்துல சாமி படம் ஒட்டிட்டா எவனும் ஒண்ணுக்குப் போக மாட்டான்ல? அதே டெக்னிக்தான். இனிமே ஒருத்தன் கை வெக்க மாட்டான் பாரு."

"டேய், சாமி விஷயத்துல விளையாடாத."

"நானா விளையாடறேன்? ஒரு வருஷத்துக்குக் காவல் வேணும். வாட்ச்மேன் போட ஒங்க காலேஜ்ல ஒத்துக்க மாட்டாங்க. அதான் அம்மனைப் போட்டேன்."

வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். மூன்று நாளைக்கு அவன் உள்ளங்கை மஞ்சளாகவே இருந்தது.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றும் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் கிணறு வெட்டும்போது கிடைத்த கல்லாகிப்போன மரத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். பாடம் செய்து வைத்த வெளிமான் தலையில் பூச்சி விழுந்து, மருந்தடித்துக் காப்பாற்றினோம். இதெல்லாம் எங்கள் ஹாலுக்குச் சிறப்புதான்.

"மே 18: உலக அருங்காட்சியக நாள் கொண்டாடப்பட்டது. பார்வையாளர்கள் 312 பேர்."

அன்றைக்கு நான் அங்கே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஜாஃபர் ஒருவனே சமாளித்திருக்கிறான். மே பதினாறாம் தேதி மத்தியானம் பட்டுக்கோட்டை ரோட்டில் செழியன் வண்டியை லாரி ஒன்று அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்றார்கள். ஆற்றுக்கும் வரக் கூடாது என்றார்கள். வீட்டுக்காரர்தான் போனார், அவர் பெயர் துரைராசு. திரும்பி வந்து சொன்னார். காவிரியில் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. திருவையாற்றில் படித்துறையை விட்டு இறங்கி நடு ஆற்று மணலில் ஊற்றுக்குழி தோண்டியிருக்கிறார்கள். முழங்கால் ஆழத்துக்குக் கலங்கல் தண்ணீர் ஊறியிருக்கிறது. அதில்தான் பிள்ளையைக் கரைத்துவிட்டு வந்திருக்கிறார். கரைந்ததா என்று கேட்டேன். மேலே மணலைத் தள்ளி மூடிவிட்டோம் என்றார்.

நான் அழவில்லை. "கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா பாரு, பெத்த வயிறா இது" என்று என் நாத்தனார் கூடத்தில் சொன்னது சமையலறை வரை கேட்டது. அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. வருத்தம் என்று ஒன்று இருந்தால்தானே அழ. காதில் தண்ணீர் போய் அடைத்துக்கொள்ளுமே, அது உடம்பு முழுக்க வந்த மாதிரி இருந்தது. வந்தவர்கள் பதினாறு நாளும் வந்தார்கள். எழவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் ஒவ்வொருவரும் பேசாமல் எழுந்து பேசாமல் போனார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பேப்பரில் போட்டார்கள், தெரு முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள், கல்லூரியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். யாரிடமும் என் வாயால் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. பதினேழாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன்.

"ஜூன்: நெற்பயிர்ப் பூச்சிப் பெட்டிகள் புதுப்பிக்கப்பட்டன."

ஜூன் கடைசியில் ஒரு நாள் தண்ணீர் வந்தது. திருவையாற்றுக்குக் கிழக்கே எங்களுக்குக் குத்தகை நிலம் ஒன்றரை ஏக்கர். வாய்க்கால் மதகில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்காரர் நின்றார். சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில் நின்றேன்.

"அந்த மணலைத் தாண்டித்தானே இது வந்திருக்கும்" என்றார். அப்படியே மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறிப்போகுமே என்றுதான் தோன்றியது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அதுவும் இல்லை.

பிறகு குறுவை நட்டார்கள், அறுத்தார்கள். சம்பா நட்டார்கள். துக்க வருஷம் என்பதால் தீபாவளி எங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் பலகாரத் தட்டு கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். ஹாலில் ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் சங்கு, சோழி ஒரு பெட்டி தந்தார். அக்டோபரில் எல்லாப் பாட்டிலுக்கும் பார்மலின் மாற்றினோம். கண்ணெரிச்சலில் ஜாஃபருக்குத் தாரை தாரையாகக் கொட்டியது. எனக்குக் கொட்டவில்லை. நவம்பர் மழையில் கூரை ஒழுகி முதலை மேல் சொட்டியது. பதினொரு சிறப்பு ஆகிவிட்டது. பன்னிரண்டாவதற்குக் கிளம்பினோம்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி, கல்லூரி வேனில் நான், ஜாஃபர், மண்வெட்டியோடு நாலு ஆள், சாக்கு, சல்லடை, வனத்துறைக் கடிதம். வழியெல்லாம் ஜாஃபர் எதையாவது பேசிப் பார்த்தான். அவன் நல்ல பையன். மே மாதத்திலிருந்து என்னிடம் ஏதோ முட்டையைக் கையில் வைத்திருக்கிற மாதிரிதான் நடந்துகொள்கிறான்.

இடத்துக்குப் போய் இறங்கினால் எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை.

இராவணன் மீசைப் புல்லெல்லாம் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. மேட்டைச் சுற்றிச் சிமெண்டில் வட்டமாகக் கட்டை கட்டியிருந்தார்கள். மேலே கீற்றுக் கொட்டகை. சவுக்குக் கம்பில் ஒரு மஞ்சள் துணி இருந்த இடத்தில் நாற்பது ஐம்பது துணி. வளையல் மாலை, எலுமிச்சம்பழம், தொட்டில் பொம்மை, ஒரு வெண்கல மணி. மூன்று செங்கல்லும் மஞ்சள் அப்பி அப்பி இரண்டு மடங்கு பருத்திருந்தன. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இது நம்ம எடம்தானா?" என்று ஜாஃபர் கேட்டான். ஜனவரியில் என் செல்போனில் குறித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தான். "இங்கதான் காட்டுது" என்று மெதுவாகச் சொன்னான்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள் ஒருத்தி. முப்பத்தைந்து வயசு இருக்கும். கையெல்லாம் கருவாட்டுச் செதில், வயிறு ஆறு ஏழு மாசம்.

"நாங்க பொதைச்ச எடத்துல நாங்க எதுக்கும்மா செருப்பைக் கழட்டணும்?" என்றேன். எடுத்த எடுப்பிலேயே சண்டை. நடுவில் நிற்க மனுஷன் இல்லை.

கடிதத்தை நீட்டினேன். காலேஜ், மியூசியம், ஓங்கில், எலும்புக்கூடு என்று சொன்னேன். இது சாமியும் இல்லை பூதமும் இல்லை, உள்ளே இருப்பது ஓங்கில் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "தூக்கிக் குடுத்த நாலு பேர்ல ஒருத்தரு எங்க வீட்டுக்காரரு. எம் பேரு ராஜாத்தி."

"தெரிஞ்சேவா கும்பிடுறீங்க?"

"ஏன், ஓங்கிலுக்கு என்ன கொறைச்சல்? மாசி மாசம் எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போன போட்டுல எஞ்சின் நின்னுபோயி மூணு நாளு ஆளையே காணும். போகாத கோயில் இல்ல. அப்புறம் இந்த மஞ்சத் துணி ஞாபகம் வந்து இங்க வந்து விழுந்து கெடந்தேன். அன்னைக்கு சாயங்காலம் கரையேறிட்டாரு. பத்து வருஷமா இல்லாதது, இப்ப இதுவும்" என்று வயிற்றில் கை வைத்தாள். "ஓங்கில் மட்டும்னு சொல்ல மாட்டேன். துணி கட்டுச்சே அந்தப் புள்ள, அது கையி நல்ல கையி. நாங்க எல்லாருமே அப்படித்தான் பேசிக்குவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மே மாதத்துக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அது, அதுவும் பச்சைப் பொறாமை. மறைக்க ஒன்றுமில்லை. நரிக்குப் பயந்து என் பிள்ளை விளையாட்டாக நட்ட மூன்று செங்கல், எவளோ ஒருத்தியின் புருஷனைக் கடலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வயிற்றில் பிள்ளை கொடுத்திருக்கிறது. நட்டவனை ரோட்டில் விட்டுவிட்டது. அவனை மட்டும் அதற்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டதா?

"எல்லாம் சும்மா" என்றேன். "யாரும் கெளறக் கூடாதுன்னு என் மகன் பண்ணின வேலை அது. கடையில வாங்கின மஞ்சத்தூளு, அவன் போட்டிருந்த துண்டு. இதுல ஒரு மண்ணும் இல்ல." பக்கத்தில் நின்ற ஆளிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

யாரும் தடுக்கவில்லை. ராஜாத்தி எழுந்து வழிவிட்டு நின்றாள்.

"எடுங்க. ஒங்க பொருளு, கடுதாசியும் வெச்சிருக்கீங்க. நாங்க குறுக்க நிக்கல. ஆனா வெச்சவங்கதான் எடுக்கணும். அதுதான் மொறை. அந்தத் தம்பிய வரச் சொல்லுங்க. ஒரு சூடம் கொளுத்தி, வந்த வேலை முடிஞ்சிருச்சு, எந்திரிச்சு வான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மொதக் கல்லை அவரு எடுக்கட்டும். அப்புறம் நீங்க பாட்டுக்கு வெட்டிக்கிட்டுப் போங்க."

"அவன் வர மாட்டான்."

"வேலையா இருக்காரா? ஞாயித்துக்கெழமை வரட்டும். நாலு நாளு பொறுக்க மாட்டீங்களா?"

"வர மாட்டான்மா."

"வெளிநாட்டுக்குப் போயிட்டாரா?"

ஜாஃபர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. ஏழு மாதத்தில் நான் பார்த்த மனுஷர்களில் அந்த விஷயம் தெரியாதவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

"இல்ல" என்றேன். "செத்துப் போயிட்டான். மே மாசம். வண்டியில அடிபட்டு செத்துப் போயிட்டான்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். ராஜாத்தி ஐயோ என்று அலறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன வயசு?"

"இருபத்தொண்ணு."

"பேரு?"

"செழியன்."

அவள் திரும்பி மற்றவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாள். அவர்கள் ஒவ்வொருவராக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். "கல்யாணம் ஆகாத புள்ள" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

ராஜாத்தி என் முழங்கையைத் தொட்டாள். "தான் வெச்ச எடத்தை விட்டுட்டு அந்தப் புள்ள வேற எங்க போயிருக்கும்? இங்கதாங்க்கா வந்திருக்கும். எங்களுக்குத்தான் தெரியல. மஞ்சத் துணிய பாத்து அம்மன்னு நெனச்சு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை சக்கரைப் பொங்கல் வெச்சுக்கிட்டு இருக்கோம். தம்பிக்கு என்ன புடிக்கும்?"

"சக்கரைப் பொங்கல் அவனுக்குப் புடிக்கவே புடிக்காது" என்றேன்.

"அப்ப என்ன புடிக்கும்?"

"முட்டை பரோட்டா. நாலு சாப்பிடுவான். சால்னாவை மேல ஊத்திக் குடுத்தா எந்திரிச்சுப் போயிடுவான், தனியா கிண்ணத்துல வேணும். வெங்காயம் பொடிசா நறுக்கணும். வாழை எலையில வெச்சாத்தான் எறங்கும். வீட்டுல நான் சுட்டுக் குடுத்தா, இது பரோட்டா இல்லம்மா, கோதுமையில ரோடு போட்டிருக்கன்னு சொல்லுவான்."

நான் பேசிக்கொண்டே போனேன். நிறுத்த முடியவில்லை. எந்தக் கடை, எந்த மாஸ்டர், இரவு எத்தனை மணிக்கு வாங்கிக்கொண்டு வந்து அப்பாவை எழுப்பி ஊட்டிவிடுவான் என்பதெல்லாம் சொன்னேன். மூக்கு ஒழுகி வாயில் உப்புக் கரித்தது. அழுகிறேன் என்று அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. யாரும் கண்ணைத் துடைக்கச் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் "மாஸ்டர் இங்கயே ஒருத்தன் இருக்கான், நல்லாப் போடுவான்" என்றாள்.

வெயில் ஏறிவிட்டது. ஆட்கள் நாலு பேரும் பீடி குடித்து முடித்துவிட்டு நின்றார்கள். ஜாஃபர் வந்து குனிந்து கேட்டான்.

"அக்கா, வெட்டலாமா, வேணாமா?"

"பெத்தவங்க எடுக்கலாம்" என்றாள் ராஜாத்தி. "அவரு இல்லாதப்ப ஒங்களுக்கு அந்தப் பாத்தியதை இருக்கு. நீங்க சொல்லி எடுத்தா தப்பில்ல."

சூடத்தை அவளே கொளுத்திக் கொடுத்தாள். நான் எழுந்து போய் முதல் செங்கல்லில் கை வைத்தேன். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். எழுந்து வா என்று சொல்ல வேண்டும். சொன்னால் எது எழுந்து வரும்? ஒன்பதடி எலும்பு வரும். தாளாளர் பார்த்துச் சந்தோஷப்படுவார், ஹால் எனக்கு மிஞ்சும், அந்த வார்த்தையை அதற்காகச் செலவழித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். கையை எடுத்துக்கொண்டேன்.

"மண்வெட்டியெல்லாம் வண்டியில போடு ஜாஃபர்" என்றேன். கிளம்பும்போது ராஜாத்தி என் செல் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் தாளாளரிடம், கடல் உள்ளே வந்து மேட்டையே அரித்துவிட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் என்ன மேடம் பண்ண முடியும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவது சிறப்பாக மரம் நடு விழாப் படத்தைப் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்காரரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அங்க போனா பேசலாமா?" என்று கேட்டார். பேசலாம் என்றேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஹாலைக் காலி செய்தோம். பாம்புப் பாட்டில்களை விலங்கியல் துறைக்குக் கொடுத்தோம். பறவைகள் சாமான் அறைக்குப் போயின. அது காற்றில்லாத அறை, இரண்டு மழை தாங்காது என்று எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷம். துக்கமாகத்தான் இருந்தது. நான் ஒவ்வொரு அலமாரியாகத் துடைத்து, துக்கப்பட்டுக்கொண்டேதான் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், முதலையின் வாலை நானும் தலையை ஜாஃபருமாகத் தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டும்போது செல்போன் அடித்தது. முதலையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, ராஜாத்தி பேசறேன். பரோட்டா கடையில நிக்கறேன். மாஸ்டர் கேக்கறாரு, சால்னாவுல காரம் தூக்கலா வேணுமா, மட்டா வேணுமா?"

"தூக்கலா" என்றேன். "பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வெச்சிடு. காரம் தின்னா அவனுக்கு விக்கல் வரும்."